பொம்மை டிராக்டரும் ஒன்பது கொத்துக் கலப்பையும்

டிராக்டர் மாடல் வாங்கினேன் என்றாலே "யார் குழந்தைக்குங்க?" என்று கேட்கிறார்கள். எனக்குத்தாங்க.

இதில் 1:32, 1:16 இரண்டும்தான் அதிகம் புழங்குகிற அளவுகள். 1:32 என்றால் மூணேகால் மீட்டர் வண்டி சுமார் பத்து சென்டிமீட்டரில் அடங்கிவிடும், ஆனாலும் நல்ல மாடலில் டயர் கட்டை, ஸ்டியரிங், பின்னாடி கலப்பை மாட்டுகிற இணைப்பு வரைக்கும் அப்படியே இருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. அமெரிக்காவில் ஃபிரெட் எர்ட்ல் 1945ல் அலுமினியத்தை உருக்கி மணல் அச்சில் ஊற்றி வீட்டிலேயே தொடங்கிய தொழில்தான் பின்னால் எர்ட்ல் கம்பெனி ஆனது. அவர்கள் கம்பெனி இருந்த டயர்ஸ்வில் ஊரில் பண்ணை பொம்மைகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒருநாள் போகணும்.

என்னிடம் இருப்பதில் எனக்கு உசுரு சிவப்பு மாசி ஃபெர்குசன் 35தான். பொள்ளாச்சி, கோபி பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சிவப்பு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒரு குறை. சோளம் அறுக்கிற பெரிய மிஷினெல்லாம் மாடலாகக் கிடைக்கிறது, டிராக்டர் பின்னாடி மாட்டி உழுகிற, ஒன்பது கொழு வைத்த நம்ம ஒன்பது கொத்துக் கலப்பையும் மஞ்சள் வேகவைக்கிற பாய்லரும் நான் தேடிய வரைக்கும் எங்கேயும் இல்லை. அதனால் செய்யச் சொல்லி வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன். ஈரோடு, கோவை பக்கம் சின்ன அளவில் தகரத்திலோ மரத்திலோ சுத்தமாக வேலை செய்கிறவர் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்க, அளவெல்லாம் நானே எடுத்துத் தருகிறேன். முதலில் கலப்பை, அப்புறம் பாய்லர்.