ட்ரைவ்வேயில் மாற்றிய டைமிங் பெல்ட்

ஸ்காபரோவில் பிள்ளைகளோடு குடும்பம் நடத்துகிறவருக்கு ஒரு மினிவான் இல்லாமல் காரியம் நடப்பதில்லை. வேலைக்கும், பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்கும், கோயிலுக்கும், மார்க்கம் பக்கத்து உறவினர் வீட்டு விசேடங்களுக்கும் அதே வண்டிதான் ஓடவேண்டும் என்பதால், ஹொண்டா ஒடிசியோ டொயோட்டா சியன்னாவோ நிற்காத தமிழ் வீடுகள் எங்கள் தெருவில் குறைவு. நாங்கள் பழையதாக வாங்கியது 2003ஆம் ஆண்டு ஒடிசி. அதன் அடையாள இலக்கம் 2 என்ற எண்ணில் தொடங்குகிறது. கனடாவில் செய்யப்பட்ட வாகனம் என்பதற்கு அதுவே அடையாளம். அந்தக் காலத்து ஒடிசிகள் ஒன்ராறியோவின் அலிஸ்டன் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டன என்பதை அறிந்தபோது, இந்த வண்டியும் என்னைப்போல இந்த மாகாணத்துக்குரியதுதான் என்று ஒரு நெருக்கம் தோன்றியது.

வண்டியை விற்றவரிடம் டைமிங் பெல்ட் மாற்றியதற்கான பற்றுச்சீட்டு எதுவும் இருக்கவில்லை. கனடாவுக்கான ஹொண்டா கையேடு இந்த 3.5 லீற்றர் வி-6 எஞ்சினின் பெல்ட்டை 168,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அல்லது 7 ஆண்டுக்கு ஒருமுறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறது. வழக்கமாக சைபருக்குக் கீழே 29 பாகைக்கும் குறைந்த குளிரில் ஓடும் வண்டியென்றால் 100,000 கிலோமீற்றரிலேயே மாற்றவேண்டும். ரொறன்ரோவின் குளிர் அந்த எல்லைக்கு அடிக்கடி இறங்குவதில்லை. எட்மன்ரனிலும் வினிப்பெக்கிலும் இருக்கும் நம்மவர்கள் இந்த இரண்டாவது கணக்கைத்தான் மனத்தில் வைத்திருக்கவேண்டும். எங்கள் வண்டியோ எந்தக் கணக்கில் பார்த்தாலும் தவணை தாண்டியிருந்தது.

அந்தப் பெல்ட் செய்யும் வேலையைச் சொன்னால்தான் என் பதற்றம் விளங்கும். கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் இரண்டு கேம் ஷாஃப்டுகளையும் பல் வைத்த அந்த ரப்பர்ப் பட்டிதான் இணைக்கிறது. கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றும்போது கேம் ஒரு சுற்று மட்டுமே சுற்றவேண்டும். அந்தக் கணக்கு ஒரு பல் பிசகினாலும் எஞ்சின் சீராக ஓடாது. ஓடிக்கொண்டிருக்கையில் பட்டி அறுந்தால் கேம்கள் நின்றுவிடும், பிஸ்டன்கள் நிற்கமாட்டா. இந்த வகை எஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்தைத் தங்கள் தங்கள் நேரத்தில் பயன்படுத்துகிறவை என்பதால், திறந்தபடி நின்ற வால்வுகளைப் பிஸ்டன் அடித்து வளைத்துவிடும். 401 நெடுஞ்சாலையின் நடு லேனில், பின்னால் பிள்ளைகள் இருக்க எஞ்சின் நின்றுபோவதை நினைத்தபோது அந்த வண்டியை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. பிறகு வரும் திருத்தச் செலவும் பழைய வண்டியின் பெறுமதியைத் தாண்டிவிடக்கூடியது.

விசாரித்த கராஜ்களில் ஆயிரம் டொலருக்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒன்ராறியோவில் 310எஸ் எனப்படும் வாகனத் திருத்துநர் தொழிலைச் செய்ய அனுமதிப்பத்திரம் கட்டாயம்; அதற்கு ஆண்டுக்கணக்கில் பயிலுநராக உழைக்கவேண்டும். பெல்ட், தண்ணீர்ப் பம்ப், பெல்ட்டை இறுக்கி வைத்திருக்கும் டென்ஷனர், இரண்டு புல்லிகள் எல்லாம் அடங்கிய பெட்டியின் விலை கேட்ட தொகையின் ஒரு பங்குதான். மிச்சம் மணித்தியாலக் கூலி. இந்த நாட்டில் விலை உயர்ந்தது மனித நேரம் என்பது முதன்முதலில் எனக்கு உறைத்தது இந்தக் கணக்கைப் பார்த்தபோதுதான். அந்த நேரத்தை நானே போடுவதென்று தீர்மானித்தேன்.

தீர்மானிக்க முடிந்ததற்கு இன்னொரு காரணம் இடம். வந்த புதிதில் பேஸ்மென்ட் ஒன்றில் வாடகைக்கு இருந்த காலத்தில், வீட்டுக்காரரின் ட்ரைவ்வேயில் வண்டியை நிறுத்தவே இடம் பங்கிடவேண்டியிருந்தது. சில்லைக் கழற்றி வண்டியை இரண்டு நாள் தாங்கியில் விடுவதை நினைத்தும் பார்க்கமுடியாது. அடுக்குமாடிக் கட்டடங்களின் நிலக்கீழ்த் தரிப்பிடங்களிலும் பெரும்பாலும் திருத்த வேலைக்கு அனுமதி இல்லை. சொந்தமாக ஒரு ட்ரைவ்வே, அதில் மே மாதத்து வெயில், தொடர்ந்து இரண்டு விடுமுறை நாள் என்ற மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும்போதுதான் இப்படிப்பட்ட வேலை நடக்கும். குடியேறி எத்தனை காலமாயிற்று என்பதைவிட இந்த மூன்றும் எப்போது சேர்ந்தன என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கைவேலை எனக்குப் புதிதில்லை. 1990களில், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் காணக்கிடைக்காத காலத்தில், சிறு துளி பெற்றோலில் எஞ்சினைக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஒஸ்ரின் கார்களையும் மொரிஸ் மைனர்களையும் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த எஞ்சின்களில் பெல்ட் கிடையாது. கேமைச் சுழற்றியது இரும்புச் சங்கிலி. கிடைக்காத பாகத்தைக் கடைந்து உண்டாக்கிய அந்தக் கராஜ்காரர்களின் மேல் எனக்கு இன்றும் பெருமதிப்பு உண்டு. ஆனால் டைமிங் பெல்ட்டுக்கு அந்தத் திறமை பயன்படாது என்பதை வேலை தொடங்குமுன்பே தெரிந்துகொண்டேன். இங்கே புதிதாக எதையும் யோசிக்கக்கூடாது. புத்தகம் சொன்ன வரிசையில், சொன்ன அளவில், ஒரு வரியும் தவறாமல் செய்யவேண்டும். அதனால் ஸ்பானரைத் தொடுவதற்கு முன் தொழிற்சாலையின் திருத்தக் கையேட்டை மாலை வேளைகளில் முழுதாக வாசித்தேன். வானொலியின் திருட்டுத் தடுப்புக் குறியீட்டு எண்ணையும் தேடி எடுத்து வைத்துக்கொண்டேன். பாட்டரியைக் கழற்றிய பிறகு அந்த எண்ணைக் கேட்கும், பழைய வண்டி வாங்கியவர்களிடம் பெரும்பாலும் அது இருப்பதில்லை.

முன்பக்க வலது சில்லைக் கழற்றினால், மட்கார்டின் உட்பக்கப் பிளாஸ்டிக் தட்டுக்குப் பின்னால் கிராங்க் புல்லி தெரியும். அதை இறுக்கியிருக்கும் 19 மில்லிமீற்றர்த் தலையுள்ள ஒற்றை போல்ட்தான் இந்த வேலையில் பலரைத் திருப்பி அனுப்புவது. கையேட்டின்படி அதை இறுக்கும் விசை 245 நியூட்டன் மீற்றர்; பல குளிர்காலங்களின் வீதி உப்பும் ஈரமும் சேர்ந்தபின் கழற்றும் விசை அதைவிட எவ்வளவோ அதிகம். புல்லியின் நடுவில் 50 மில்லிமீற்றர் அறுகோணக் குழி ஒன்று இருக்கிறது. அதற்குள் பொருந்தும் பிடிகருவியை வாங்கி, அதன் கைப்பிடியைத் தரையோடு முட்டுக்கொடுத்து, பிரேக்கர் பார் எனும் நீண்ட கைப்பிடியில் இரும்புக் குழாயை மாட்டித்தான் அழுத்தவேண்டும். ஸ்பானரை முட்டுக்கொடுத்துவிட்டு ஸ்டார்ட்டரைத் தட்டிக் கழற்றும் குறுக்குவழி ஒன்றைச் சிலர் சொல்வார்கள். கையையோ காலையோ பறிகொடுக்கக்கூடிய வழி அது; யாரும் செய்யவேண்டாம்.

அன்று உதவிக்கு வந்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் அண்ணை. ஊரிலும் மெக்கானிக், இங்கும் பயிலுநராக இருந்து அனுமதிப்பத்திரம் எடுத்தவர். குழாயின் நுனியில் இருவரும் சேர்ந்து பாரத்தைப் போட்டபோது, துப்பாக்கி வெடித்ததைப் போன்ற ஒரு சத்தத்தோடு போல்ட் விட்டுக்கொடுத்தது. அதற்குப் பிறகு அவர் கதிரையைப் போட்டு அமர்ந்துவிட்டார்; மிச்ச வேலையை என் கையால்தான் செய்யவைத்தார்.

பெல்ட்டை மூடியிருக்கும் உறைகளைக் கழற்றுமுன் ஆறு ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்துவிட்டால் எஞ்சினைக் கையால் சுழற்றுவது இலகு. கிராங்கை மணிக்கூட்டுத் திசையில் திருப்பி, அதன் பல் சக்கரத்தில் உள்ள குறியை எண்ணெய்ப் பம்பின் மேலுள்ள குறிக்கும், இரண்டு கேம் புல்லிகளின் குறிகளைப் பின்னுறையிலுள்ள கோடுகளுக்கும் நேரே கொண்டுவரவேண்டும். முன்பக்கத்துக் கேம் புல்லியை நேராகப் பார்க்கலாம். பின்பக்கத்தது எஞ்சின் அறையின் பின்சுவருக்கு அருகே ஒளிந்திருப்பதால், சிறு கண்ணாடியும் விளக்கும் பிடித்துத்தான் பார்க்கமுடிந்தது. மூன்று குறிகளையும் வெள்ளைப் பேனாவால் தொட்டு அடையாளமிட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்துக்கொண்டேன். பிறகு எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே மரக்கட்டை வைத்த ஜாக்கால் எஞ்சினைத் தாங்கி, அதை வண்டியோடு இணைக்கும் பக்கத் தாங்கியைக் கழற்றினேன்.

இந்த இடத்தில் கையேடு சொல்லும் ஒரு உபாயம் எனக்கு மிகவும் பிடித்தது. பாட்டரியை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றி, அதன் நுனியைத் தீட்டி, எஞ்சினில் உள்ள ஒரு துளையில் கையால் திருகினால், அது பெல்ட்டை இறுக்கும் அமைப்பை அசையாமல் பிடித்துக்கொள்ளும். தனியாக ஒரு கருவி வாங்கத் தேவையில்லை. ஊர்க் கராஜ்காரர் ஒருவரின் யோசனையைப் போல இருந்த அதைத் தொழிற்சாலையே அச்சில் எழுதிவைத்திருந்தது என்னை மகிழ்வித்தது.

வெளியே எடுத்த பழைய பெல்ட்டைப் பார்த்தால் பழுது என்று சொல்லமுடியாது. பற்கள் முழுதாக இருந்தன, வெடிப்பு எதுவும் தெரியவில்லை. கண்ணால் பார்த்து நல்லாயிருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இக்காலத்துப் பெல்ட்டுகள் அறுவதற்கு முன் எச்சரிக்கை தருவது அரிது, உள்ளிருக்கும் கண்ணாடியிழையின் களைப்பு வெளியே தெரியாது. பழைய டென்ஷனரின் தண்டைச் சுற்றி எண்ணெய் கசிந்து கறுத்திருந்தது. தண்ணீர்ப் பம்பையும் இதே பெல்ட்தான் ஓட்டுகிறது என்பதால் அதையும் சேர்த்தே மாற்றவேண்டும். பம்ப் பிறகு கசியத் தொடங்கினால் இத்தனையையும் மறுபடி கழற்றவேண்டி வரும். பம்பைப் பிடிக்கும் சிறிய போல்ட்டுகளுக்கு 12 நியூட்டன் மீற்றர் போதும். அலுமினியத்தில் வெட்டிய மரைகள் என்பதால், முன்னர் குழாயில் தொங்கிய அதே கை இங்கே விரல் நுனியால் வேலை செய்யவேண்டும். இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஒரு நல்ல டோர்க் ரென்ச்சுக்குச் செலவழித்த காசு இந்த இடத்தில் வீண்போகாது.

புதிய பெல்ட்டைப் போடும் வரிசை கிராங்கில் தொடங்கி, ஐட்லர் புல்லி, முன் கேம், தண்ணீர்ப் பம்ப், பின் கேம், கடைசியில் இறுக்கும் புல்லி என்று போகிறது. இடையில் எங்கும் தொய்வு விடக்கூடாது. மூன்று குறிகளும் நேரே நிற்கின்றன என்று உறுதிப்படுத்திய பிறகே புதிய டென்ஷனரின் தண்டை அமுக்கிப் பிடித்திருந்த ஊசியை இழுத்தேன். தண்டு மெல்ல நீண்டு பெல்ட்டை இறுக்கியது.

“தம்பி, இப்ப கையால சுத்து. எங்கையாவது இடிக்கிற மாதிரி இருந்தால் அப்பிடியே நிப்பாட்டு, பலம் குடுக்காதை” என்றார் அண்ணை. கிராங்கை ஐந்தாறு சுற்றுச் சுற்றி மறுபடி குறிக்குக் கொண்டுவந்து பார்க்கும்படி கையேடும் சொல்கிறது. முழு வேலையிலும் விடவே கூடாத படி என்று நான் கருதுவது இதைத்தான். ஒரு பல் தவறியிருந்தால் கையின் தடையிலோ குறியின் விலகலிலோ அது இப்போதே தெரிந்துவிடும். சாவியைத் திருப்பிப் பார்த்து அறிந்தால் வால்வுகள் போய்விடக்கூடும். சுற்றி முடித்துக் கண்ணாடியைப் பிடித்தபோது மூன்று குறிகளும் தங்கள் இடத்திலேயே நின்றன. அண்ணையும் எழுந்து வந்து தன் கண்ணால் பார்த்தார்.

அதன் பின் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவது பொறுமை வேலை மட்டுமே. நீல நிறக் கூலன்டை மெல்ல ஊற்றி, ரேடியேட்டர் விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றினேன். பழைய கூலன்டைத் தண்ணீர் வடியும் கானில் ஊற்றக்கூடாது. அதன் இனிப்பு நாய் பூனைகளை இழுக்கும், எத்திலீன் கிளைகோல் அவற்றைக் கொல்லும். மூடிய கலனில் எடுத்துச் சென்றால் ரொறன்ரோ மாநகரின் கழிவு சேர்க்கும் நிலையங்களில் வாங்கிக்கொள்வார்கள்.

மாற்றிய திகதியையும் கிலோமீற்றரையும் ஒரு சிறு துண்டில் எழுதி பெல்ட் உறையின் மேல் ஒட்டியிருக்கிறேன். அடுத்து வாங்குகிறவர், என்னைப்போல பற்றுச்சீட்டுத் தேடி அலையவேண்டியதில்லை. 50 மில்லிமீற்றர்ப் பிடிகருவி இப்போது எங்கள் தெருவிலுள்ள ஒடிசிக்காரர் ஒருவரின் வீட்டில் இருக்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன், கையேட்டின் அந்தப் பகுதியை வாசித்துவிட்டீர்களா என்று கேட்டுத்தான் கொடுத்தேன்.