மடல் வெட்டாத லேசர்: நான் கண்ணாடியைக் கழற்றிய கதை

கண்ணுக்கு லேசர் செய்தாயாமே, எப்படி, நோகுமா, எவ்வளவு முடிந்தது என்று கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். முதலே சொல்லிவிடுகிறேன், "இன்றைக்குச் செய்தால் நாளைக்கே பளிச்சென்று தெரியும்" என்று நீங்கள் கேள்விப்பட்ட கதை என்னுடையது இல்லை.

நான் முகமாலைப் பக்கம் மிதிவெடி எடுக்கிற வேலையில் இருக்கிறேன். எனக்கு இரண்டு கண்ணும் மைனஸ் 4 சொச்சம். மைனஸ் 4 என்றால் கண்ணாடி இல்லாமல் ஏறத்தாழ 25 சென்டிமீற்றருக்கு அப்பால் எல்லாம் மங்கல். வேலையில் முகத்தை முழுக்க மூடுகிற தடித்த வைசர் போட வேண்டும், அதற்குள்ளே கண்ணாடி. முழங்காலில் இருந்து மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டும்போது மூச்சுக்காற்றில் கண்ணாடி புகாராகும், நெற்றி வியர்வை ஒரு சொட்டு வில்லையில் விழுந்து அப்படியே கோடாக வழியும். வைசரை அந்த இடத்தில் தூக்கக் கூடாது. எழும்பி, பாதுகாப்பான கோட்டுக்குப் பின்னால் வந்து, துடைத்து, திரும்பப் போய் இருக்க வேண்டும். வெயில் ஏறிய பிறகு இதுவே ஒரு வேலை. கொன்ராக்ட் லென்ஸ் போடலாமே என்பார்கள், சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கத்துப் புழுதியைப் பார்த்தவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்.

கட்டியிருந்த சீட்டு விழுந்ததும் வெளிக்கிட்டேன். சில இலட்சம் ரூபாய் போகும், அதை மறைக்கத் தேவையில்லை. முதலில் போன இடத்தில், பெயர் வேண்டாம், கண்ணைச் சரியாகப் பார்க்க முன்னமே எந்தப் பாக்கேஜ் வேண்டும் என்று விலைப் பட்டியலை நீட்டினார்கள். "ஆயுசுக்கும் கண்ணாடி தேவைப்படாது" என்றும் சொன்னார்கள். அது பச்சைப் பொய். நாற்பதைத் தாண்டினால் கிட்ட இருப்பதை வாசிக்கக் கண்ணாடி கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும், ஏனென்றால் அது கண்ணுக்குள்ளே இருக்கிற வில்லை இறுகுவதால் வருகிறது, லேசர் தொடுவது முன்னால் இருக்கிற கருவிழிப் படலத்தை மட்டும்தான். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது இடமும் கொழும்புதான். அங்கே சோதனைக்கே அரை நாளுக்கு மேல் போனது, உண்மையில் இதுதான் முழு விஷயமும். கருவிழியின் மேடு பள்ளத்தை வரைபடமாக எடுத்தார்கள், தடிப்பை அளந்தார்கள், கீழ் இமைக்குள் சின்னக் கடதாசித் துண்டைச் செருகி 5 நிமிடத்தில் கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று பார்த்தார்கள், அப்புறம் கண்மணி விரிகிற சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார்கள். அந்த மருந்துக்குப் பிறகு சில மணித்தியாலத்துக்குப் போனில் ஒரு எழுத்துக்கூட வாசிக்க ஏலாது, வெளிச்சமும் கூசும், ஆகவே துணைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போங்கள். லென்ஸ் போடுகிறவர்கள் இந்தச் சோதனைக்கு முன்னமே அதைக் கழற்றிவிட வேண்டும், மென்மையான லென்ஸ் என்றால் ஒன்றிரண்டு வாரம், கடின லென்ஸ் என்றால் இன்னும் கூட. லென்ஸ் கருவிழியின் வடிவத்தையே அமத்தி மாற்றி வைத்திருக்கும், அளவு பிழைத்துவிடும்.

எனக்குப் பக்கத்தில் புதுக்குடியிருப்பில் இருந்து வந்த ஒரு தம்பி இருந்தான், பவர் என்னை விடக் குறைவு. அவனுக்குச் செய்ய முடியாது என்றுவிட்டார்கள். வரைபடத்தில் கருவிழி கூம்பு மாதிரி முன்னுக்குத் தள்ளத் தொடங்கியிருந்தது. அந்தக் கண்ணில் லேசர் போட்டு இன்னும் மெலிய வைத்தால் பார்வையே கெட்டுப்போகும். சின்ன வயதில் இருந்து ஒவ்வாமையால் கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பழகியவன் அவன், அந்தப் பழக்கம் இந்த நோயைக் கூட்டும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கூம்பு மேலும் வளராமல் நிறுத்த விற்றமின் சொட்டு விட்டுப் புற ஊதாக் கதிர் காட்டுகிற வேறு சிகிச்சைக்கு அவனை எழுதினார்கள். பாவம், முகம் கறுத்துப் போனது. ஆனால் அந்தப் படம் எடுக்காமல் செய்கிற இடத்துக்கு அவன் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

என் கதைக்கு வருகிறேன். கருவிழிப் படலத்தின் தடிப்பு சராசரியாக 540 மைக்ரோன் இருக்கும், அதாவது அரை மில்லிமீற்றரை விடச் சற்றுக் கூட. எனக்கு 500ஐயும் எட்டவில்லை. எல்லோரும் சொல்கிற லாசிக்கில், மேலே 100 முதல் 120 மைக்ரோன் தடிப்பில் ஒரு மடலை வெட்டித் திறந்து, அதற்குக் கீழே லேசரால் செதுக்கி, மடலைத் திரும்ப மூடிவிடுவார்கள். ஒவ்வொரு பவருக்கும் 12 முதல் 15 மைக்ரோன் வரை செதுக்க வேண்டும், எல்லாம் போக அடியில் குறைந்தது 250 மைக்ரோனாவது மிஞ்ச வேண்டும். கணக்குப் போட்டால் எனக்கும் லாசிக் செய்யலாம்தான். ஆனால் டொக்டர் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். பேனையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தரம் என்னைப் பார்த்தார். மடல் மேலே மூடி இருந்தாலும் பழையபடி முழுப் பலத்தோடு ஒட்டாது, கண்ணில் பலமாக ஏதாவது பட்டால் விலகலாம், உங்களுக்கு மடல் இல்லாத முறைதான் நல்லது என்றார். பி.ஆர்.கே. என்பது அதன் பெயர், லாசிக்கை விடப் பழையது. மேல் தோலை மட்டும் துடைத்து எடுத்துவிட்டு நேரே செதுக்குவது. தோல் தானாக வளர வேண்டும், அதுவரைக்கும் நோகும், பார்வை தெளிய வாரக்கணக்கில் எடுக்கும். ஸ்மைல் என்று சின்னத் துவாரத்தால் செய்கிற புது முறையும் இருக்கிறது, என் கருவிழித் தடிப்புக்கு அவர் அதைச் சொல்லவில்லை.

இடையில் ஒன்று. இந்த லேசர் கண்ணுக்கு வந்த கதையை வாசித்துச் சிரித்தேன். சென்னையில் 1929இல் பிறந்த ரங்கசாமி சீனிவாசன் என்பவர் அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். 1981இல் பண்டிகைச் சாப்பாட்டில் மிஞ்சிய வான்கோழித் துண்டைக் கொண்டுபோய் அதில் இந்த எக்சைமர் லேசரை அடித்துப் பார்த்தார், சுற்றிவரக் கருகாமல் அச்சொட்டாக வெட்டியது. அதற்காக அவருக்கும் கூட வேலை செய்த இருவருக்கும் 2013இல் ஒபாமா பதக்கம் கொடுத்தார். வான்கோழியில் தொடங்கி என் கண் வரைக்கும் வந்திருக்கிறது.

நாளை மாரியில் வைத்தேன். புழுதி அடங்கியிருக்கும், வெயில் குறைவு, எங்கள் வேலையும் மழைக்கு மந்தமாகிவிடும். காலபோக அரிவி வெட்டுக்கு முன்னம் கண் ஆறிவிட வேண்டும் என்பதும் ஒரு காரணம், மெஷின் வயலில் இறங்கினால் வருகிற சுணை றோட்டால் போகிறவனையே சொறிய வைக்கும்.

செய்கிற நேரம் நோ எதுவுமே இல்லை. விறைக்கிற சொட்டு விட்டார்கள், இமை மூடாமல் கம்பி ஒன்றைப் போட்டார்கள், நீர்த்த மதுசாரத்தை வைத்து மேல் தோலை இளக்கி, சின்னத் தூரிகையால் துடைத்தார்கள், முன்னால் மினுங்கிக்கொண்டிருந்த வெளிச்சம் கலங்கிப் பூவாக விரிந்தது. "அதையே பாருங்கோ, அசையாதேங்கோ" என்று தாதி தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார், அது பெரிய ஆறுதல். டிக் டிக் என்று சத்தம், மயிர் கருகுகிற மணம், ஒரு நிமிடம்கூட இல்லை. பிறகு குளிர் தண்ணீர் ஊற்றிக் கழுவி, ஆறும் வரைக்கும் மூடியிருக்க ஒரு மெல்லிய லென்ஸை வைத்துவிட்டார்கள்.

நோ அன்றிரவு தொடங்கியது. வெள்ளவத்தையில் சின்னம்மா வீட்டில் இருட்டறையில் கிடந்தேன். கண்ணுக்குள் மண் அள்ளிக் கொட்டியது போல, கண்ணீர் தலையணை நனைய ஓடியது. முதல் மூன்று நாளும் மோசம், குளிசை கேட்டது அரைவாசிதான். குளிர்சாதனப் பெட்டியில் வைத்த செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மட்டும் உண்மையான சுகம் தந்தது. விறைக்கிற சொட்டை வீட்டுக்குத் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தேன், தரவே இல்லை, அதை அடிக்கடி விட்டால் தோல் வளராது, கருவிழியே பழுதாகும். சின்னம்மா அடுப்படியில் வெங்காயம் தாளித்தால் அடுத்த அறையில் எனக்கு ஆறாக ஓடும். அம்மம்மா ஊரில் இருந்து போன் எடுத்து, "பிள்ளை, நந்தியாவட்டைப் பூ ரெண்டு கசக்கி விட்டியெண்டால் குளிர்ந்திடும்" என்றா. தோல் இல்லாத கண்ணில் பூச்சாறு! கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடும், ஆனால் அவவோடு வாதாடி வெல்ல முடியுமா, ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் லென்ஸைக் கழற்றினார்கள். அப்போதும் பார்வை தெளிவில்லை, காலையில் தெரிகிற பஸ் பெயர் பின்னேரம் மங்கும். கூட்டுக்காரி ஒருத்திக்கு லாசிக் செய்து மறுநாளே வேலைக்குப் போனாள் என்று கேள்விப்பட்டு எரிச்சலாக வந்தது. எனக்கு நிலையாகத் தெரிய இரண்டு மாதத்துக்குக் கிட்ட எடுத்தது, இரவில் ஏ9 வீதியில் எதிரே வருகிற வாகன லைட்டைச் சுற்றி வளையம் தெரிவது அதற்குப் பிறகும் கொஞ்சக் காலம் இருந்தது.

ஊருக்கு வந்த பிறகு பார்த்த பக்குவம்தான் முக்கியம். கிணற்றில் முழுகவில்லை, அக்கா தலையைப் பின்னால் சாய்த்து வைத்து வார்த்துவிட்டா. படுக்கும்போது பிளாஸ்ரிக் மூடி ஒட்டிக்கொண்டேன். திருநீற்றைப் பூசாரியிடம் கையில் வாங்கினேன், நெற்றியில் பூசினால் தூள் கண்ணுக்குள் கொட்டும். விறகடுப்புப் பக்கம் போகவில்லை. வெளியில் போனால் புற ஊதாக் கதிரை மறிக்கிற கறுப்புக் கண்ணாடி, ஏனென்றால் பி.ஆர்.கே. செய்த கண்ணில் வெயில் பட்டால் கருவிழியில் வெண்புகார் படரக்கூடும். இதெல்லாம் செய்யலாம், லேசருக்குப் பிறகு விடத் தருகிற ஸ்ரீரோயிட் சொட்டு விஷயத்தில்தான் சனம் கவலையில்லாமல் இருக்கிறது. அதை ஒரு கணக்கில் குறைத்துக் குறைத்து நிறுத்த வேண்டும், சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றும், அழுத்தம் ஏறினால் நோவும் தெரியாது, உள்ளே நரம்பு கெடும். ஒவ்வொரு தடவையும் கொழும்புக்கு ஓடாமல் கிட்ட இருந்த கண் கிளினிக்கில் அழுத்தம் பார்த்தேன். கண் சிவந்தால் பாமசியில் போய் ஏதோ ஒரு சொட்டு வாங்கி விடுகிற பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள்.

இன்னுமொன்று. லேசர் செய்தாலும் மைனஸ் கண் உள்ளே மைனஸ் கண்தான். கண் உருண்டை நீண்டுதான் இருக்கிறது, விழித்திரை இழுபட்டுத்தான் இருக்கிறது. திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளி கூட்டமாகப் பறப்பது போலவோ தெரிந்தால் அன்றைக்கே டொக்டரிடம் ஓட வேண்டும். அதோடு, செய்ய முன்னம் எடுத்த அளவுத் தாள்களை எறியாதீர்கள், பிறகு வயதில் கண்புரைக்கு வில்லை வைக்கும்போது கணக்குப் போட அவை வேண்டும். இடம்பெயர்வில் எல்லாம் போட்டுவிட்டு வந்தபோதும் அம்மா விடாமல் தூக்கிவந்த பிறப்புச் சான்றிதழ்ப் பை ஒன்று இருக்கிறது, என் தாள்களும் இப்போது அதற்குள்தான்.

வைசருக்குள் இப்போது கண்ணாடி இல்லை. கண் வறண்டால் இடைவேளையில் சொட்டு விடுகிறேன், அவ்வளவுதான்.

இதைப் பார்த்து அக்காவும் செய்யப் போகிறேன் என்று நிற்கிறா. அவவுக்கு 43, மைனஸ் 3, தையல் வேலை. ஊசியில் நூல் கோர்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் கோர்க்கிறா. லேசர் செய்தால் தூரம் தெரியும், ஆனால் கண்ணாடி இல்லாமல் கிட்டத் தெரிகிறது போய்விடும், நூல் கோர்க்கப் புதுக் கண்ணாடி வாங்க வேண்டும். இதைச் சொன்னதும் யோசிக்கத் தொடங்கிவிட்டா. இப்போதைக்குப் புது பிரேம் ஒன்றுக்கு ஓடர் கொடுத்திருக்கிறா.