அப்பாவின் போனைச் சரிசெய்த கதை

அப்பா தினமும் காலை ஆறு மணிக்கு சைக்கிள் கேரியரில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மும்பை தாராவியிலிருந்து வடாலா பக்கம் கிளம்புவார். சில்லறை கொடுப்பவர்கள் இப்போது குறைவு. பெரும்பாலும் க்யூஆர் ஸ்கேன்தான். பணம் வந்ததா என்று அப்பா போனைத் திறந்து பார்க்க வேண்டும். அது திறக்கவே ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. ரயில் பிடிக்க ஓடுகிறவர் அதுவரை நிற்பாரா? "ஹோ கயா அண்ணா", பணம் அனுப்பியாச்சு, என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். ராத்திரி கணக்குப் பார்த்தால் சில நாள் நாற்பது, சில நாள் நூறு ரூபாய் இடிக்கும்.

"பணம் வந்துட்டா இல்லியான்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? அமுக்குனா அப்படியே கெடக்கு" என்றார் அப்பா. எனக்கு மனசே கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தப் போனோடு உட்கார்ந்தேன்.

2021இல் வாங்கிய போன். 4 ஜிபி ராம், 64 ஜிபி ஸ்டோரேஜ். தம்பி புதுசு வாங்கலாம், மாதத் தவணையில் கட்டிக்கொள்ளலாம் என்றான். 90 அடி சாலையில் ஒரு கடையில் கேட்டதற்கு, "பார்மட் அடிச்சிரலாம், 500 ரூபா" என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கு டைப் செய்ய வராது. நாளைக்கு எத்தனை இட்லி வேண்டும் என்று வாடிக்கைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகத்தான் சொல்வார்கள். பேக்கப் இல்லாமல் அப்படி எல்லாவற்றையும் அழித்து ரீசெட் அடித்தால் அத்தனையும் போய்விடும். பணம் வாங்கும் ஆப்பையும் முதலிலிருந்து பதிய வேண்டும். ரீசெட் கடைசி வழி, முதல் வழி அல்ல.

முதலில் சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். பவர் பட்டனை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' மேல் விரலை எடுக்காமல் பிடித்தால் பல போன்களில் சேஃப் மோடு வேண்டுமா என்று கேட்கும். அதில் நாம் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அப்போது போன் நன்றாகவே ஓடியது. அப்படியானால் கோளாறு பெரும்பாலும் போனில் இல்லை, பிறகு வந்து சேர்ந்த ஏதோ ஒன்றில்தான் என்று ஆயிற்று.

அது ஒரு 'கிளீனர்' ஆப். உங்கள் போனில் வைரஸ் என்று ஏதோ விளம்பரம் மிரட்டியிருக்கிறது, அப்பா பயந்து அமுக்கியிருக்கிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை முழுக்க விளம்பரம். நீக்கப் போனால் அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தது. செட்டிங்ஸில் செக்யூரிட்டிக்குள் போய், 'டிவைஸ் அட்மின்' பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்த பிறகுதான் நீக்க முடிந்தது. அக்சசபிலிட்டி அனுமதியையும் அது வாங்கி வைத்திருந்தது. மற்ற ஆப்களில் என்ன காட்டுகிறது, எதை அமுக்குகிறோம் என்பதையெல்லாம் அந்த அனுமதியோடு பார்க்க முடியும். பணம் புழங்கும் போனில் அது இருந்ததை நினைத்தால் இப்போதும் பதறுகிறது. வீட்டுப் பெரியவர்கள் போனில் அக்சசபிலிட்டி அனுமதி வாங்கிய ஆப்களின் பட்டியலையாவது இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஸ்டோரேஜ். 64 ஜிபியில் 700 எம்பிதான் மிச்சம். இடம் நிறைந்தால் புதுப் படம் எடுக்க முடியாது, அவ்வளவுதான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியில்லை. போனின் மெமரியில் பழையதன் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் எழுத முடியும். அழிப்பதற்கு முன் அதில் வேண்டியதை எல்லாம் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். எங்கள் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் பாய் விரிப்பது மாதிரிதான். மூலையில் கொஞ்சம் காலியிடம் இருந்தால் சட்டென்று விரித்துவிடலாம். இல்லையென்றால் மாவுக் குண்டானை நகர்த்தி, வாளியை வெளியே வைத்து, அப்புறம்தான் பாய். ஒவ்வொரு ஆப்பும் எந்நேரமும் எதையாவது எழுதிக்கொண்டே இருப்பதால் போன் முழுக்க இழுக்கிறது.

இடத்தை அடைத்திருந்தது வாட்ஸ்அப் படங்களும் வீடியோக்களும். 23 ஜிபி. காலை வணக்கம், ரோஜாப்பூ, ஒரே வீடியோ ஐந்து குரூப்பிலிருந்து ஐந்து முறை. வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று இருக்கிறது. 5 எம்பிக்கு மேற்பட்டவை, பலமுறை ஃபார்வர்டு ஆனவை என்று தனித்தனியாகக் காட்டும். அங்கிருந்தே அழித்தேன். ஊர்க் கோவில் கொடை வீடியோக்களை மட்டும் தொட அப்பா விடவில்லை. விடக்கூடாது, சரிதான். கொடைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது அவருக்கு. அந்த 6 ஜிபியை போனிலேயே நேராகச் செருகும் ஓடிஜி பென்டிரைவில் ஏற்றி, ஒவ்வொன்றையும் ஓட்டிப் பார்த்து, சாமியாடுகிற வீடியோவில் சித்தப்பா முகம் தெளிவாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகே போனிலிருந்து எடுத்தேன். கேலரியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் கேலரியில் அழித்த படங்கள் பல நாள் அதிலேயே இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வாட்ஸ்அப்பின் ஆட்டோ டவுன்லோடை நிறுத்தினேன். மொத்தம் 26 ஜிபி காலியானது.

மற்ற ஆப்களில், தற்காலிகமாகச் சேர்ந்த கோப்புகளை மட்டும் அழிக்கும் 'கிளியர் கேஷ்' கொடுத்தேன். பக்கத்திலேயே இருக்கும் 'கிளியர் டேட்டா' வேறு. அதை வாட்ஸ்அப்பில் அமுக்கினால் சாட் போய்விடும்.

தம்பி அப்பாவுக்கு ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்திருந்தான்: ஒவ்வொரு முறையும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடுவது. அதையும் விடச் சொன்னேன். ராம் போதாதபோது எதை மூடலாம் என்று ஆண்ட்ராய்டே பார்த்துக்கொள்ளும். நாம் மூடினால் அடுத்த முறை அந்த ஆப் அடியிலிருந்து தொடங்க வேண்டும். "கொப்பரையில ஆவி வந்த பெறகு எறக்கி, பச்சத் தண்ணி ஊத்தி மறுபடி ஏத்துற மாதிரி" என்றேன். அப்பாவுக்கு உடனே புரிந்தது. தம்பிக்குத்தான் நேரமானது.

ராத்திரி போன் பளிச்சென்று ஓடியது. நிம்மதியாகப் படுத்தேன். ஆனால் மறுநாள் வந்து, "காலையில அதே கததான்மா, பத்து மணிக்கு மேல சரியாயிட்டு" என்றார் அப்பா. வீட்டில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அதனால் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டு அவர் கூடவே போனேன்.

வடாலாவில் நின்றதும் தெரிந்துவிட்டது. போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, இட்லிப் பாத்திரத்தின் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். எடுத்துப் பார்த்தேன், கை சுட்டது. சூடு ஏறினால் போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பாத்திரம் ஆறும் பத்து மணிக்கு போனும் சரியாகிவிடும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஈரத்துணியை விலக்கி இட்லி எடுத்த விரலாலேயே திரையைத் தொடுகிறார். தொடுதிரை விரலின் மின்தன்மையை வைத்துத்தான் தொட்ட இடத்தை அறிகிறது. தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் துளி விழுந்தால் திரை குழம்பிப்போகும். இவர் ஒன்றைத் தொட, அது வேறொன்றைத் திறக்க, அவர் மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். திரை மேல் ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி விரிசல் விட்டு, அதற்குள்ளும் ஈரம் நின்றது.

அன்றைக்கே அந்தக் கண்ணாடியை மாற்றினோம், 100 ரூபாய். ஹேண்டில்பாரில் காற்றுப்படும் இடத்தில் ஒரு துணிப்பை தைத்துக் கட்டினேன். பக்கத்தில் ஒரு காய்ந்த துண்டு. மறுநாள் அப்பா கையைத் துடைத்துவிட்டுத் திரையைத் தொட, இரண்டு பிளேட் இட்லிக்கான பணம் அந்த ஆள் சட்னியைத் தொட்டு வாயில் வைப்பதற்குள் வந்து நின்றதாம். சாயங்காலம் வந்ததும் அதைத்தான் முதலில் சொன்னார்.

மூன்று மாதம் ஆகிறது. மாதம் ஒரு ஞாயிறு மதியம் நானும் அவருமாக உட்கார்ந்து ஸ்டோரேஜைப் பார்க்கிறோம். போன வாரம் பார்த்தபோது 24 ஜிபி காலியாக இருந்தது. இப்போது காலை வணக்கப் படங்களை அப்பாவே அழிக்கிறார்.