கிள்ளானுக்குப் போன அப்பளமும் கிண்டிக்குப் போன விண்ணப்பமும்

மலேசியாவின் கிள்ளானில் எங்கள் அப்பளத்தை இறக்குபவர் நல்ல மனிதர். பணம் இழுத்தடித்ததில்லை, தீபாவளி நேரத்தில் ஆர்டரைக் கூட்டித்தான் போடுவார். அவரே ஒருநாள் போனில், "அண்ணாச்சி, உங்க பேரையும் கிளி படத்தையும் இங்க என் பேர்லயே ரிஜிஸ்டர் பண்ணிப்புடுறேன். செலவு என்னோடது" என்றார். மாமனார் உருகிப்போனார். "பாத்தியாம்மா, என்ன மனசு!"

"வேண்டாம் மாமா" என்றேன். அன்று ராத்திரி வீட்டில் சாப்பாடு கொஞ்சம் அமைதியாகத்தான் நடந்தது.

டிரேட்மார்க் உரிமை அந்தந்த நாட்டோடு முடிந்துவிடும். இந்தியாவில் வாங்கிய சர்டிபிகேட்டை மலேசியாவில் காட்டி எதையும் தடுக்க முடியாது. அங்கே அவர் பெயரில் பதிவாகிவிட்டால், நாளைக்கு நாம் பினாங்கில் இன்னொருவருக்குச் சரக்குக் கொடுக்கும்போது, நம் பாக்கெட்டையே நிறுத்தச் சொல்லி அவர் வழக்குப் போடலாம். முதலில் இந்தப் பெயரை வைத்தது நாங்கள்தான் என்று கோர்ட்டில் மீட்கலாம்தான். அதற்கு வக்கீல் கேட்கும் பணத்தில் எத்தனை மூட்டை உளுந்து வரும் என்று மதுரை கீழமாசி வீதியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவர் அப்படிச் செய்வார் என்று நான் சொல்லவில்லை. கடையை அவர் விற்கலாம், மகன் கைக்குப் போகலாம். விற்பனை உரிமை கேட்கிறாரா, தாராளமாக எழுதிக் கொடுங்கள். பெயர் மட்டும் செய்கிறவர் கையில் இருக்கட்டும்.

வழி ரொம்பச் சிக்கலானது இல்லை. ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் கேட்க மாட்ரிட் நெறிமுறை என்று ஒரு சர்வதேச ஏற்பாடு; இந்தியா 2013 ஜூலையில் சேர்ந்தது, மலேசியா 2019 டிசம்பரில். முதலில் இங்கே கிண்டியில் உள்ள டிரேட்மார்க் ரிஜிஸ்ட்ரியில் விண்ணப்பம் இருக்க வேண்டும். சிறு தொழிலுக்கு ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு (பொருள்களை இனம் பிரித்து வைத்திருக்கும் பட்டியல்) 4,500 ரூபாய்; எங்கள் அப்பளம் 30ஆம் வகுப்பில் போனது. அந்த விண்ணப்பத்தையே அடிப்படையாக வைத்து, நம் ரிஜிஸ்ட்ரி வழியாகவே ஜெனீவாவில் இருக்கும் வைப்போவுக்கு, அதாவது உலக அறிவுசார் சொத்து அமைப்புக்கு, அனுப்பலாம். அனுப்பிவைக்க இங்கே 5,000 ரூபாய்.

படம் கறுப்பு வெள்ளையானால் வைப்போவின் அடிப்படைக் கட்டணம் 653 சுவிஸ் பிராங்க், கலர் என்றால் 903. கேட்கும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கட்டணம் வேறு. இங்கே எப்படிக் கொடுத்தோமோ அதே படம்தான் அங்கேயும் போக வேண்டும் என்பதால் கிண்டியில் கொடுக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும். "பச்சை இல்லாம என்னம்மா கிளி? மீனாட்சி கையில இருக்கிறது கறுப்புக் கிளியா?" என்று மாமா சண்டைக்கே வந்துவிட்டார். 250 பிராங்க் எவ்வளவு என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். கிளி கறுப்பு வெள்ளையில் போனது.

விண்ணப்பம் போனவுடன் எல்லா நாட்டிலும் பதிவாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பார்த்து மறுக்கலாம். அதற்கு 12 அல்லது 18 மாதம் அவகாசம் உண்டு. மறுத்தால் அந்த ஊர் ஏஜென்ட்தான் வாதாட வேண்டியிருக்கும். இன்னொன்று, முதல் 5 வருடத்துக்குள் கிண்டியில் விண்ணப்பமோ பதிவோ விழுந்தால் கிள்ளானிலும் விழும். அதனால் இங்கே யாராவது ஆட்சேபம் போட்டால் அலட்சியமாக விடக் கூடாது.

நிஜமான வேலை இதற்குப் பிறகுதான். சர்டிபிகேட்டைப் பிரேம் போட்டு அனுப்பானடி பட்டறைச் சுவரில் மாட்டியாகிவிட்டது. மாவு உருண்டை வாங்கிப்போக வரும் அக்காமார் எல்லாம் பார்த்துவிட்டார்கள். ஆனால் மலேசியாவில் தொடர்ந்து 3 வருடம் பெயரைப் பயன்படுத்தாமல் விட்டால், பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் யாரும் கோர்ட்டுக்குப் போய் ரத்து கேட்கலாம். சிங்கப்பூரில் அது 5 வருடம். அதனால் ஒவ்வொரு லோடுக்கும் இன்வாய்ஸ், கப்பல் ரசீது, கிளி தெரிகிற மாதிரி அந்த ஊர்க் கடை ஷெல்பில் எடுத்த போட்டோ மூன்றையும் ஒரே பைலில் வைக்கிறேன். போட்டோவில் தேதி இருக்க வேண்டும். கிள்ளான்காரர் முதலில் சிரித்தார், இப்போது கேட்காமலே வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்.

அமெரிக்கா தனி ரகம். அங்கே பதிவான 5ஆவது வருடம் முடிந்து 6ஆவது முடிவதற்குள், இன்னும் பயன்படுத்துகிறோம் என்று சத்தியம் செய்து, பாக்கெட் மாதிரியோடு அந்த நாட்டு ஆபீசுக்கே நேராகக் கொடுக்க வேண்டும். பிறகு 9க்கும் 10க்கும் நடுவில் இன்னொரு தடவை. 10 வருடப் புதுப்பித்தல் கட்டணத்தை ஜெனீவாவில் கட்டிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்தால் அமெரிக்கப் பதிவு போய்விடும். ஜெனீவாக் கணக்கு சர்வதேசப் பதிவுத் தேதியிலிருந்து, அமெரிக்கக் கணக்கு அவர்கள் பதிந்த தேதியிலிருந்து. இரண்டும் ஒன்றாக வராது. போதாததற்கு, 2019 ஆகஸ்டிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் அமெரிக்க வக்கீல் வழியாகத்தான் போக வேண்டும்.

பதிவான கொஞ்ச நாளில் தபாலில் பில் வர ஆரம்பிக்கும். முத்திரை, பார்கோடு, நம் கிளி படம், "பதிவேட்டில் வெளியிட" ஒரு பெரிய தொகை. எங்கள் கணக்கர் செக் புக்கையே எடுத்துவிட்டார். அதெல்லாம் ஏமாற்று. நம் முகவரி எல்லோரும் பார்க்கும் பதிவேட்டில் இருப்பதால் வருகிறது. இப்படிப்பட்ட போலிக் கடிதங்களின் மாதிரிகளை வைப்போவே தன் தளத்தில் போட்டிருக்கிறது, ஒருமுறை பார்த்து வையுங்கள்.

இப்போது மாமா பெயரில் இருந்த தொழிலைப் பார்ட்னர்ஷிப்பாக மாற்றுகிறோம். ஜிஎஸ்டி, பேங்க் எல்லாம் மாற்றும்போது டிரேட்மார்க்கை மறந்துவிடுவார்கள், உரிமையாளர் ஒருவர், விற்பவர் வேறொருவர் என்று காகிதத்தில் நிற்கும். உரிமையாளர் பெயரை மாற்ற இங்கே டிஎம்-பி படிவம், ஜெனீவாவுக்கு எம்எம்5 படிவம், அதற்கு 177 பிராங்க். படிவத்தை நீட்டினேன். மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். "பார்ட்னர்ல உன் பேர் எங்கம்மா?" என்றார். "ரெண்டாவது பக்கம், மாமா" என்றேன்.