எஸ்ஸன்: மாளிகையைப் பார்த்தால் மட்டும் போதாது

ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் எஸ்6 ரயில் ஏறி ஹ்யூகல் நிலையத்தில் இறங்கினால், மேட்டின்மேல் வில்லா ஹ்யூகல். மொத்தம் 269 அறைகள். பீரங்கி விற்ற காசில் எழுந்த குருப் குடும்பத்து வீடு.

1873இல் இங்கே குடியேறிய ஆல்ஃப்ரெட் குருப்புக்குத் தீ என்றால் பயம். அதனால் முடிந்தவரை மரத்தைத் தவிர்த்து, கல்லும் இரும்புமாகக் கட்டச் சொன்னார். வாழ்நாளெல்லாம் உலையோடு மல்லுக்கட்டிய மனிதர்! 14 வயதில் தந்தையை இழந்து, நொடித்துப்போன எஃகுப் பட்டறையைத் தலையில் சுமந்தவர். பொருத்தில்லாத ரயில் சக்கர வளையம்தான் அவரைத் தூக்கிவிட்டது. நிறுவனத்தின் மூன்று வளையச் சின்னமும் அதுதான். பலர் நினைப்பதுபோல் பீரங்கிக் குழாய் அல்ல.

பக்கத்துச் சிறு கட்டடத்தில் நிறுவன வரலாறு இருக்கிறது. தொழிலாளர்களுக்கு வீடு, மருத்துவ நிதி, ஓய்வூதியம் என எல்லாம் தந்தார்கள். உண்மைதான். அந்த உண்மைதான் என்னை அதிகம் தொந்தரவு செய்தது. ஏனென்றால், இதே நிறுவனம் 1942இல் சோவியத் துறைமுக நகரமான செவஸ்டோபோலைத் தகர்க்க ஹிட்லரின் படைக்கு ஏழு டன் குண்டு வீசும் பீரங்கியைக் கொடுத்தது. 1944இல் ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாம் வழியாக வந்த ஹங்கேரி யூதப் பெண்கள் 520 பேரை ஆலையில் கூலியில்லாமல் வேலை வாங்கியது.

அவர்களை அடைத்திருந்த முகாம் ஹும்போல்ட் தெருவில் இருந்தது. இன்று அங்கே ஒரு நினைவிடமும் சுற்றிலும் குடியிருப்புகளும்தான். அங்கிருந்து ஆலை வெகுதூரம். குளிர்காலத்தில் கந்தலைக் காலில் சுற்றிக்கொண்டு தினமும் நடந்தார்கள். 1945 தொடக்கத்தில் ஆறு பெண்கள் தப்பி ஓடினார்கள். உயிருக்கே ஆபத்து என்று தெரிந்தும் எஸ்ஸன்வாசிகள் சிலர் அவர்களை ஒளித்துவைத்துச் சோறு போட்டார்கள். அந்த ஊர்க்காரர்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

முகாமில் இருந்த பெண்கள் நாஜிப் போர்க்குற்றங்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்கள். 1948இல் அப்போதைய முதலாளி, ஆல்ஃப்ரெட்டின் கொள்ளுப்பேரன் ஆல்ஃப்ரீட் குருப்புக்கு 12 ஆண்டு சிறை, சொத்து பறிமுதல். ஆனால் 1951இலேயே ஜெர்மனிக்கான அமெரிக்க உயர் ஆணையர் மெக்ளாய் அவரை விடுவித்தார். சொத்தும் திரும்பக் கிடைத்தது. எனக்கு இது அநியாயமாகவே படுகிறது.

எஸ்ஸன் போகிறவர்கள் வில்லாவோடு திரும்பிவிடாதீர்கள். ஹும்போல்ட் தெருவுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.