நாற்பதுக்கு மேல் வேட்டை: ஒரு ஸ்கார்பரோ நாட்குறிப்பு

2023 மார்ச் 11, சனி

மேசை நிறையத் துவக்குகள். எல்லாம் சுட முடியாதபடி செயலிழக்கச் செய்யப்பட்டவை. போல்ட் இழுப்பது, லீவர் இழுப்பது, பம்ப் செய்வது, நடுவில் மடித்துத் திறப்பது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்வது என்று வகை வகையாக. ஒவ்வொன்றையும் எடுத்துத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, மூடி வைக்க வேண்டும். கனடாவில் துவக்கு வைத்திருக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு இந்தப் பாதுகாப்பு வகுப்பில் தேற வேண்டும். எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் 80 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி.

வகுப்பில் பெரும்பாலும் இருபது வயதுப் பையன்கள். அப்பாவின் பின்னால் காட்டுக்குள் நடந்து வளர்ந்தவர்கள், கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறார்கள். நான் கணக்காளர், நாற்பதைத் தாண்டியவள், வவுனியாவில் பிறந்தவள். சித்தப்பா கொண்டுவந்த மரை வற்றலைத் தின்றிருக்கிறேன், அவர் வேட்டைக் கதைகளைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். அவருடைய துவக்கு எண்பதுகளிலேயே பறிபோய்விட்டது.

முதல் மணி நேரத்திலேயே விதிகளைச் சொல்லிவிட்டார்கள். எந்தத் துவக்கிலும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். குழலின் வாய் எங்கே பார்க்கிறது என்பது எப்போதும் நம் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும். தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். பிற்பகலில் பக்கத்து மேசைப் பையன் துவக்கோடு திரும்பியபோது குழல் ஒரு கணம் என் வயிற்றைக் கடந்து போனது. ஆசிரியர் வகுப்பையே நிறுத்திவிட்டார். பையன் முகம் சிவந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டான். சோதனைச் சாவடியில், பஸ்ஸுக்குள், பள்ளிக்கூட வாசலில் என்று எத்தனையோ முறை துவக்கின் வாய் என் பக்கம் திரும்பியிருக்கிறது. அதற்காக ஒருவர் மன்னிப்புக் கேட்டது இன்றுதான்.

மார்ச் 26, ஞாயிறு

வேட்டைக் கல்வி வகுப்பு முடிந்தது, தேர்வும் ஆயிற்று. இது ஒன்ராறியோ மாகாணத்தின் தனி வகுப்பு. துவக்கைப் பற்றிப் பேச்சுக் குறைவு, விலங்கைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும்தான் அதிகம். சுட்டதைத் தேடி எடுக்க முயலாமல் விட்டுப் போவது குற்றம். உண்ணத்தக்க இறைச்சியைக் கெட விடுவதும் குற்றம். வேட்டை இறைச்சியை விற்கவும் முடியாது. ஆகவே நம் தமிழ்க் கடைகளில் மான் இறைச்சி என்று எதைக் கண்டாலும் அது பண்ணையில் வளர்ந்ததாகத்தான் இருக்க வேண்டும். வேட்டையே பாவம் என்று வாதாடும் நண்பர்களை இந்த வகுப்பில் ஒரு நாள் உட்காரவைக்க ஆசை. மனம் மாற வேண்டாம், வாதமாவது கொஞ்சம் கூர்மையாகும்.

ஏப்ரல் 8

உரிம விண்ணப்பம் நிரப்பினேன். வங்கிக் கடனுக்குக்கூட இவ்வளவு கேட்டதில்லை. அண்மையில் மணமுறிவு உண்டா, வேலை போனதா, மனநலச் சிக்கல் உண்டா என்று நீள்கிறது. குறைந்தது மூன்று வருடமாவது என்னைத் தெரிந்த இருவர் சாட்சி சொல்ல வேண்டும். கூட வாழும் கணவரின் கையெழுத்துக்கும் இடம் இருக்கிறது. அவர் போடாவிட்டால் அலுவலகமே அவரைத் தொடர்புகொண்டு தெரிவிக்கும். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, இனி உன்னோடு சண்டை போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும் என்றார். சிரித்தோம். பிறகு அந்தக் கட்டம் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசித்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

தாள்கள் நியூ பிரன்ஸ்விக்கில் மிராமிச்சி என்ற ஊருக்குப் போகின்றன. முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் கட்டாயக் காத்திருப்பு. எனக்கு அதைவிட நீளும் என்று தோன்றுகிறது.

அம்மாவுக்கு இன்றுதான் சொன்னேன். வெள்ளிக்கிழமை விரதம் பிடிக்கிற வீட்டில் துவக்கா என்றார். கண்ணப்ப நாயனார் வேடர்தானே அம்மா என்றேன். கண்ணப்பர் கண்ணைக் கொடுத்தவர், நீ எதைக் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டுவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டார்.

ஜூன் 17

உரிமம் வந்து, துவக்கும் வாங்கியாயிற்று. இருபது கேஜ், மடித்துத் திறக்கும் ஒற்றைக் குழல். என் உயரத்துக்குப் பெரியவர்களின் பிடங்கு (தோளில் வைக்கும் கட்டை) நீளம் என்பதால் சிறுவர்களுக்கான மாதிரி. கடைக்காரர் அதைச் சொல்லத் தயங்கினார், எனக்கு ஒரு தயக்கமும் இல்லை. கேஜ் கணக்கு விசித்திரமானது. ஒரு இறாத்தல் ஈயத்தைச் சமமான இருபது உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ, குழல் அவ்வளவு அகலம். ஆகவே இருபது கேஜ், பன்னிரண்டு கேஜைவிடச் சிறியது. வீட்டில் விசைப்பூட்டுப் போட்டு அலமாரிக்குள், தோட்டாக்கள் வேறொரு பூட்டிய பெட்டிக்குள்.

இன்று சுடும் கழகத்தில் பறக்கும் தட்டுகளில் பயிற்சி. களிமண் என்று பெயர், செய்வது தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து. தட்டுகள் எல்லாம் முழுசாகவே தரையிறங்கின. பயிற்சியாளர் என்னை இரண்டு கைகளையும் நீட்டி நடுவில் சிறு முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்துக் கம்பத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னார். இடக்கண்ணை மூடியதும் கம்பம் காணாமல் போயிற்று. எனக்கு வலக்கை, ஆனால் ஆளுகிற கண் இடது. சிலர் இடக்கண் கண்ணாடியில் ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டு சமாளிப்பார்களாம். புதிதாகத் தொடங்குகிற உங்களுக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லை, பேசாமல் இடத்தோளுக்கு மாற்றுங்கள் என்றார். வளர்ந்த பிறகு தொடங்குவதில் இப்படியும் ஒரு லாபம். தோளை மாற்றி வெகுநேரம் தடுமாறிய பிறகு ஒரு தட்டு உடைந்தது. கறுப்புத் தூள் காற்றில் பரவியபோது நான் கத்திய கத்தலைக் கேட்டுப் பக்கத்துக் கூண்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

செப்டம்பர் 23, சனி

பான்கிராஃப்ட்டுக்கு வடக்கே, அரசு நிலத்தில். ஸ்கார்பரோவிலிருந்து ஏறக்குறைய மூன்று மணி நேர ஓட்டம். ஒன்ராறியோவில் 87 சதவீதம் அரசு நிலம் என்றாலும் அதன் பெரும்பகுதி தூர வடக்கில் இருப்பதால், தெற்கில் இருக்கிறவர்கள் தேடித்தான் போக வேண்டும். கூட்டிப்போனவர் கணவரின் தொழிற்சாலையில் வேலை செய்த அண்ணை. ஓய்வு பெற்றவர், முல்லைத்தீவுக்காரர், இங்கே நெடுங்காலமாக வேட்டைக்குப் போகிறவர். என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுகிறார்.

தேடுவது ரஃப்டு கிரவுஸ். ஊர்க் கவுதாரியின் பெரிய அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். பழைய மரம்வெட்டுப் பாதைகளில் முளைத்த குளோவர் இலை மேயவும், இரைப்பையில் தீனியை அரைக்கச் சிறு கற்கள் பொறுக்கவும் காலையிலும் மாலையிலும் பாதையோரத்துக்கு வரும். முதிர்ந்த பெருங்காட்டில் இதைத் தேடிப் பயனில்லை என்கிறார் அண்ணை. வெட்டிய இடத்தில் மறுபடி நெருக்கமாக எழும்பிய இளம் பாப்லர் மரங்கள்தான் அதன் வீடு. காடு என்றால் பெரிய மரம் என்று நினைத்திருந்த எனக்கு இந்தக் குச்சிக்காட்டை ரசிக்கவே அரை நாள் ஆயிற்று.

நடக்கவும் ஒரு முறை இருக்கிறது. இருபது அடி நடந்து நிற்க வேண்டும். விடாமல் நடந்துகொண்டே இருந்தால் பறவை அசையாமல் இருந்து நம்மைப் போகவிட்டுவிடும். நின்றால்தான், கண்டுவிட்டார்கள் என்று பதறி எழும்பும். இதைச் சொல்லி முடித்து அண்ணை நின்ற இடத்திலேயே காலடியிலிருந்து ஒன்று வெடித்துக் கிளம்பியது. அந்தச் சிறகுச் சத்தத்தில் நான் குனிந்துவிட்டேன். அவரும் சுடவில்லை. ஏன் என்று கேட்டேன். நானும்தான் குனிந்தேன் பிள்ளை என்றார். ஊரில் 1990 போருக்குப் பிறகு திடீர்ச் சத்தத்துக்கு எங்கள் இருவருக்கும் ஒரே பழக்கம்தான்.

அக்டோபர் 7

இன்று ஒரு பறவை எனக்கு நேரே எழும்பி இடதுபக்கம் வளைந்தது. துவக்கு தோளுக்குப் போயிற்று, விரல் போகவில்லை. இடதுபக்கம் அண்ணை. இருவர் வரிசையாக நடக்கும்போது அவரவர் பக்கத்து வானம்தான் அவரவருக்கு, நடுக்கோட்டைத் தாண்டினால் விட்டுவிட வேண்டும். வகுப்பில் கரும்பலகையில் விசிறி போல வரைந்து காட்டியது, இங்கே அரை நொடியில் கையில் நிகழ வேண்டும். நிகழ்ந்தது. காரில் வரும்போது அண்ணை அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, ஆனால் அடுத்த வாரம் தன் பழைய இடத்தைக் காட்டுவதாகச் சொன்னார். வேட்டைக்காரர்கள் இடத்தைக் காட்டுவது சின்ன விஷயம் இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது.

சன்னத்தைப் பற்றி, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகளைப் பற்றி, ஒரு குறிப்பு. நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயச் சன்னத்தைக் கனடா 1999 முதல் நாடு முழுவதும் தடை செய்திருக்கிறது. கிரவுஸுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் அம்மா சாப்பிடப் போகிற கறியில் ஈயம் எதற்கு? எஃகுச் சன்னம் வாங்கினேன். ஈயத்தைவிட இலேசானது என்பதால் இரண்டு அளவு பெரிதாக எடுக்க வேண்டும்.

அக்டோபர் 21, சனி

கிடைத்தது.

பாதை வளைவில் குளோவருக்குள் நின்றது, எங்களைக் கண்டு ஓடி எழும்பியது, வலதுபக்கம், என் வானம். சுட்டது நினைவில் இல்லை, தோள் வலி இருக்கிறது. விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் நேரே நடக்கச் சொன்னார் அண்ணை. உதிர்ந்த இலையும் அதன் இறகும் ஒரே நிறம், கண்ணை எடுத்திருந்தால் காலமெல்லாம் தேடியிருப்போம். கையில் எடுத்தபோது சூடாக இருந்தது. எனக்கு அழுகை வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது பரபரப்பும், யாருக்காவது உடனே சொல்ல வேண்டும் என்ற ஆசையும்தான். அதில் கொஞ்சம் வெட்கம் கலந்திருந்தது, பெரிதாக ஒன்றும் இல்லை.

பறவையின் கால் விரல்களின் ஓரத்தில் சீப்புப் பல் போல வரிசையாகச் செதில்கள் முளைத்திருந்தன. பனியில் புதையாமல் நடக்கக் குளிர்காலத்துக்கு மட்டும் வளர்வது, வசந்தத்தில் உதிர்ந்துவிடும். கழுத்தடித் தீன்பையைக் கீறினால் மடிந்த குளோவர் இலைகள், சிவப்புக் காய்கள். காலையில் எங்கெல்லாம் மேய்ந்தது என்று அதிலிருந்தே அண்ணை கணக்குப் போட்டார். ஒரு நாளைக்கு ஐந்து வரை எடுக்கலாம் என்பது சட்டம். ஐந்தை ஒரே நாளில் எடுத்தவரை எனக்கு இன்னும் தெரியாது.

அக்டோபர் 22

அம்மா சமையலறையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டார். நெஞ்சுக்கறியைக் கொஞ்ச நேரமும் காலைக் கூடுதல் நேரமும் வேகவிட வேண்டும், கொழுப்பே இல்லாத இறைச்சி என்று அண்ணை சொன்னதைச் சொன்னேன். அவருக்கு என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, நம் ஊர்த் தூளோடு பிரட்டல் வைத்தார். நெஞ்சு காய்ந்துதான் போயிற்று. கால்கள் பிரமாதம். கணவரின் பல்லில் ஒரு சன்னம் தட்டுப்பட, அதைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தொடர்ந்தார். அம்மா சாப்பிடவில்லை, கந்தசஷ்டி வருகிறது என்றார். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. குழம்பை மட்டும் ருசி பார்த்து உப்புக் காணாது என்றார்.

நவம்பர் 11

மான் பருவம், துவக்கோடு. சிறு வேட்டைக்குப் போகிற நாங்களும் செம்மஞ்சள் அணிய வேண்டும். இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலத்துக்குக் குறையாமல், தொப்பியும் அதே நிறத்தில். காடு முழுக்கச் செம்மஞ்சள் தலைகள், மேட்டுக்கு மேடு ஒரு கூட்டம். இரண்டு வேலியோரங்களில் மரத்தில் சிவப்பு வட்டம் வரைந்திருந்தது, நுழையாதே என்பதற்கு இங்கே சட்டப்படி அதுவே அறிவிப்பு. பறவை ஒன்றும் எழும்பவில்லை. பகலுணவோடு திரும்பிவிட்டோம்.

டிசம்பர் 30

நாளையோடு கிரவுஸ் பருவம் முடிகிறது. பனி சரியாக விழாததால் பனிக்குள் புதைந்து தூங்கும் பறவை எழும்புவதைப் பார்க்கக் கிடைக்கவில்லை. அடுத்தது ஏப்ரல் 25, காட்டு வான்கோழி. ஒன்ராறியோவில் அடியோடு அழிந்துபோன பறவை, 1984 முதல் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இப்போது நெடுஞ்சாலை ஓரத்தில்கூட மேய்கிறது. விடிவதற்கு அரை மணி முன்னால் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பேடு போலக் கூப்பிட்டுச் சேவலை வரவழைக்க வேண்டும். அதற்கு ஒரு வட்டப் பலகைக்கல்லும் குச்சியும் வாங்கியிருக்கிறேன். குச்சியை உரசினால் குரல் வர வேண்டும். எனக்கு வருவது கதவுக் கீல் சத்தம். வீட்டுக்குள் பழகக் கூடாது என்று இன்று மாலை அம்மாவும் கணவரும் ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். ஆகவே நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில், காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு.