அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த பெயர்

என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுக் கள்ளுக்கூடக் குடித்தவரில்லை. அப்படிப்பட்ட மனிதரை ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, ரொறன்ரோவின் மேற்கு முனையில் ஒரு தேவாலயத்தின் பேஸ்மென்டில், இருபது பேர் முன்னிலையில் நான் குடிகாரனாக்கிவிட்டேன்.

வேண்டுமென்று செய்ததல்ல. நம் வழக்கப்படி கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் முன்னாலும் என் பெயர் பின்னாலும் இருந்தன. வந்திறங்கிய அன்று ஓர் அதிகாரி முன்னால் இருந்ததை என் பெயராக எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வங்கியிலும் வேலைத்தலத்திலும் பல் வைத்தியரிடமும் நான் அப்பாதான். பதினாறு வருடப் பழக்கம். கூட்டத்தில் என் முறை வந்ததும் வாய் தானாக அவர் பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டது. பள்ளிப் பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் எல்லோரும் ஒரே குரலில் "ஹாய்" என்று அப்பாவை வரவேற்றார்கள். எனக்குக் காது மடல் சுட்டது.

அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடித்தவர் என் மனைவி. "அம்மனுக்கு நேர்த்தி வைத்துப் பார்த்தாகிவிட்டது. இதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்று தமிழ்க் கடைக் கலண்டர் தாளின் பின்புறம், குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்ககாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் நடக்கும் இடங்களை எழுதித் தந்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒன்று இருந்தது. நான் மறுத்துவிட்டேன். தமிழர் நிறைந்த எங்கள் ஸ்காபரோவில் இரவு தும்மினால் விடியும்போது ஊரிலிருந்து மருந்து சொல்லித் தொலைபேசி வரும். பூப்புனித நீராட்டு விழா மண்டபங்களின் தரிப்பிடத்தில் கார் டிக்கியைத் திறந்து வைத்து நாங்கள் குடித்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதில் எனக்கு வெட்கமே இருக்கவில்லை. விடப் போகிறேன் என்பது தெரிந்துவிடுமோ என்றுதான் நடுங்கினேன். அதனால் கென்னடியில் ரயில் ஏறி, கடைசி நிலையமான கிப்ளிங்வரை போனேன். கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை!

மடக்குக் கதிரைகள், தண்ணீர்க் கோப்பி, சில்லறை போட ஒரு கூடை. போடாவிட்டாலும் யாரும் கேட்பதில்லை. கட்டணம் கிடையாது, குடியை விடும் விருப்பம் ஒன்று இருந்தால் போதுமாம். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தொடங்கிய வழி இது. இருவருமே குடியில் மூழ்கி எழுந்தவர்கள். தரகரைப் பில் டபிள்யூ. என்றுதான் சொல்கிறார்கள். நாம் தலைப்பெழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் வாலில் போடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே முழுப்பெயரை யாரும் கேட்பதில்லை. அப்பாவின் பெயரை நான் இங்கே எழுதாததும் அதனால்தான். ஏற்கெனவே ஒருமுறை கெடுத்தது போதும்.

இப்போது பதினான்கு மாதங்கள் ஆகின்றன. கூட்டமும் குளிரும் பழகிவிட்டன என்று எல்லோருக்கும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கோப்பியைக் கையில் எடுத்தால் மனம் கடதாசிக் குவளையில் நிற்பதில்லை, ஊரில் கள்ளுக் குடிக்கும் பனையோலைப் பிளாவுக்குப் போய்விடுகிறது. அப்பா ஆசிரியர். மாலையில் அவருடைய சைக்கிள் கள்ளுத் தவறணையைக் கடந்தால், உள்ளே இருக்கும் பழைய மாணவர்கள் பிளாவை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். நான் சைக்கிளின் முன் பாரில் இருந்து எல்லாவற்றையும் பார்ப்பேன். அவர் நேரே பார்த்து ஓட்டுவார். அவருக்குப் பிடித்தது காலைக் கருப்பநீர். பனையிலிருந்து இறக்கியதைச் சீவல் தொழிலாளி பிளாவில் வார்க்க, அப்பா மாங்காய்த் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பார். மரத்தில் கட்டும் முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசியிருந்தால் அது புளிக்காது, கருப்பநீர். பூசாவிட்டால் கள். "ஒரு விரல் சுண்ணாம்பு" என்று எனக்குக் காட்டியிருக்கிறார். நான் அப்போது கவனித்தது மாங்காயைத்தான்.

முதல் நாள் கூட்டம் முடிந்ததும் நழுவப் பார்த்தேன். பின்வரிசையிலிருந்து நரைத்த தலை ஒன்று எழுந்து வந்தது. பார்த்த உடனேயே தெரிந்தது, நம்மவர். நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தம்பி, நீங்கள் சொன்னது உங்கள் ஐயாவின் பெயர்தானே?"

ஆம் என்று தலையாட்டினேன்.

"எனக்கும் அதே கதைதான். என் ஐயா சுத்தச் சைவப்பழம். பதினொரு வருடமாக ஒரு செவ்வாய் தவறாமல் இங்கே வந்து போகிறார்."

எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு குடிக்காமல் சிரித்தேன். வெளியே வந்தால் இருவருக்கும் ஒரே ரயில். அவரும் ஸ்காபரோ, அவரும் தமிழர் கண்ணில் படாமல் இருக்கவே கிப்ளிங்வரை போகிறாராம். இங்கே கண்டதும் கேட்டதும் இங்கேயே இருக்கட்டும் என்று கூடத்துச் சுவரில் எழுதியிருந்தது. அதற்கு மதிப்புக் கொடுத்து, விக்டோரியா பார்க் நிலையம் வரும்வரை எதையும் கேட்காமல் பொறுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

"ஊரில் எந்த இடம், தம்பி?"

சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன.

"சந்தியில் ஒரு தவறணை இருந்ததே... ஒரு வாத்தியார் சைக்கிளில் வருவார். நாங்கள் பிளாவை ஒளிப்போம்."